பெரட்டுக்களமும் கைப்பேசியும்

சிலியாவ், ரந்தாவ், லிங்கி, லாபு, பகாவ் என்று நெகிரி செம்பிலானில் எந்தப் பக்கம் பஸ் ஏறினாலும் ஒரு காலத்தில் ஜன்னலுக்கு வெளியே கித்தா (ரப்பர்) மரங்கள்தாம் ஓடும். பிறகு அவற்றைச் சாய்த்துச் செம்பனை நட்டார்கள். பல இடங்களில் செம்பனையும் போய், வீடமைப்புத் திட்டங்களும் தொழிற்பேட்டைகளும் வந்தன. சிரம்பான் 2, நீலாய் என்று இன்று பளபளக்கும் இடங்களில் ஒரு காலத்தில் பால் வாளியோடு நடந்தவர்கள் இருந்தார்கள்.

என் அம்மா அப்படி நடந்தவர். சிலியாவ் பக்கத்துத் தோட்டமொன்றில் பால்வெட்டு. அப்பா வெளிக்காட்டு வேலை. நான் பள்ளி முடித்ததும் செனவாங் தொழிற்பேட்டையில் ஒரு மின்னணுத் தொழிற்சாலைக்குப் போனேன்; பின்னாளில் வேறொரு தொழிற்சாலையின் மனிதவளப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். என் மகள் கோலாலம்பூரில் ஒரு பன்னாட்டு நிறுவனத்தில் இருக்கிறாள். வேலைக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரு மனுஷிக்கு என்ன மிஞ்சுகிறது என்பதை மூன்று தலைமுறையாக எங்கள் வீட்டுக்குள்ளேயே பார்த்துவிட்டேன். ‘பணி–வாழ்க்கைச் சமநிலை’ என்று இன்று கையேட்டில் அச்சடித்துக் கொடுக்கிறார்கள். அச்சடிக்காத காலத்தில் அதில் கொஞ்சம் இருந்தது. அச்சடித்த பிறகு அதில் கொஞ்சம் காணாமல் போனது. எது இருந்தது, எது போனது, ஏன் போனது என்று சொல்லிவிட வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

தோட்டத்தில் நேரத்தை வைத்தது மரம். விடிவதற்கு முன் மரத்துக்குள் நீரழுத்தம் கூடுதலாக இருக்கும். அப்போது வெட்டினால் பால் நன்றாக ஓடும். வெயில் ஏறிவிட்டால் ஓட்டம் குறைந்துவிடும். அதனால் நாலரை மணிக்கே தொங்கவிட்ட தண்டவாளத் துண்டில் அடி விழும். அம்மா அதற்கும் ஒரு மணி நேரம் முன்னால் எழுந்து, சோறாக்கி, எங்களுக்கு எடுத்து வைத்து, நெற்றி விளக்கைத் துடைத்துக்கொண்டு நிற்பார். ஐந்தரைக்குப் பெரட்டுக்களம். கிராணி பேர் கூப்பிடுவார், தண்டல் நிரை பிரித்துவிடுவார். பேர் கூப்பிடும்போது இல்லாதவருக்கு அன்று வேலை இல்லை. வேலை இல்லாவிட்டால் கூலியும் இல்லை.

ஒரு நிரையில் ஐநூறு, அறுநூறு மரம் இருக்கும். வெட்டி முடித்து, பால் இறங்கும்வரை உட்கார்ந்து, ஆறிப்போன சோற்றைச் சாப்பிட்டுவிட்டு, மங்கு மங்காகப் பாலைச் சேர்த்து, காண்டாவில் இரண்டு பக்கமும் வாளியைத் தொங்கவிட்டுத் தோளில் சுமந்து ஸ்டோருக்கு வருவார்கள். அங்கே நிறுத்து, மெட்ரோலாக் போட்டு, பாலில் ரப்பர் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று பார்த்து எழுதுவார்கள். மத்தியானம் ஒரு மணிக்கெல்லாம் அம்மா வீட்டில் இருப்பார்.

நாங்கள் பள்ளிவிட்டு வரும்போது அம்மா எங்கள் வரிசை வீட்டு லயத்து வாசலில் இருப்பார் என்பது எங்களுக்கு உறுதியாகத் தெரியும். இன்றைக்கு எத்தனை பிள்ளைகளுக்கு அந்த உறுதி இருக்கிறது? சாயங்காலத்தில் வீட்டுக்குப் பின்னால் காய்கறிப் பாத்தி, மாட்டுக்குப் புல், கிணற்றடிப் பேச்சு, கோயில் மண்டபத்தில் தேவாரம், திடலில் பந்தாட்டம். மாதத்தில் ஒருநாள் வெள்ளைத் துணி கட்டிப் படம் போடுவார்கள். வேலை செய்யும் இடமும் வாழும் இடமும் ஒன்றாக இருந்ததால் வழியில் நேரம் வீணாகவில்லை.

இந்த இடத்தில் நின்றுகொண்டு, ‘ஆஹா, அந்தக் காலம்!’ என்று சொல்லிவிட எனக்கு மனம் வரவில்லை. மழை பெய்தால் பட்டை நனைந்துவிடும், வெட்டு இல்லை. அடுப்பும் அன்று பாதிதான் எரியும். கித்தா விலை இறங்கினால் எங்கள் வீட்டில் மீன் நின்றுவிடும். பள்ளி விடுமுறையில் நாங்களும் அம்மாவோடு போய், வெட்டுக்கோட்டில் காய்ந்திருக்கும் ஒட்டுப்பாலை உருவிக் கூடையில் போடுவோம். அதை விளையாட்டாகத்தான் அப்போது நினைத்தோம். ஆனால் பிள்ளைகளின் கையும் சேர்ந்தால்தான் குடும்பத்துக்குப் பத்தும் என்கிற கூலி அது. கள்ளுக்கடை தோட்டத்துக்குள்ளேயே இருந்தது. சம்பளம் போட்ட இரவுகளில் எந்த வீட்டில் என்ன சத்தம் என்று லயம் முழுவதற்கும் கேட்கும். எல்லாவற்றையும்விடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. வீடு தோட்டத்துடையது. வேலை போனால் வீடும் போகும். துரையிடமோ கிராணியிடமோ எதிர்த்து ஒரு வார்த்தை பேசுவதற்கு முன்னால் ஒருவர் தன் கூரையை ஒருமுறை அண்ணாந்து பார்க்க வேண்டியிருந்தது.

அம்மாவுக்குச் சாயங்காலம் கிடைத்தது உண்மை. ஆனால் அதை அவர் கேட்டு வாங்கவில்லை. மரம் விட்டுக் கொடுத்தது. மரத்துக்குப் பதில் மணிக்கூண்டு வந்திருந்தால் அதுவும் போயிருக்கும்.

அப்படியானால் அம்மாவுக்கு வேலையில் மனநிறைவு இருந்ததா? இருந்தது. அதை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். உளியை அவர் கல்லில் தீட்டும் விதமே தனி. எச்சில் தொட்டு, கட்டை விரல் நகத்தில் வைத்துக் கூர் பார்ப்பார். மரத்தடிக்கு வந்ததும் முந்தைய வெட்டில் உறைந்திருக்கும் பாலை உரித்துவிட்டு, மேல் இடதிலிருந்து கீழ் வலமாக ஒரே சரிவில் உளியை இழுப்பார். காகிதம்போல ஒரு சீவல் சுருண்டு விழும். பால் ஓடும் குழாய்கள் பட்டையின் உள்பக்கத்தில், மரத்தை ஒட்டி இருக்கின்றன. ஆழம் போதாவிட்டால் பால் வராது. ஒரு மயிரிழை கூடிவிட்டால் மரம் காயப்படும், பட்டை மறுபடி வழுவழுப்பாக வளராது. இருட்டில், நெற்றி விளக்கு வெளிச்சத்தில், அந்த மெல்லிய இடைவெளியில் கை நிற்க வேண்டும். அம்மா வெட்டிய மரத்தில் காயம் இருக்காது. தண்டல் புதுப் பெண்களைக் கூட்டிவந்து, “அக்கா மரத்தைப் பாருங்க, அப்படி வெட்டணும்” என்பார். அன்றைக்கு அம்மா வீட்டுக்கு வரும்போது நடையே வேறு மாதிரி இருக்கும்.

கைத்திறனை நாலு பேர் அறிந்து சொன்னால் மனசு நிறைகிறது. இதற்குக் கொள்கை வேண்டாம், ஆய்வு வேண்டாம். ஆனால் அந்தத் திறனுக்குத் தகுந்த கூலியை அந்தப் பாராட்டு கொண்டுவரவில்லை என்பதையும் சேர்த்தே எழுதி வைக்கிறேன்.

பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் விஷயத்தில் அன்றைய தோட்டம் இன்றைய அலுவலகக் கோபுரங்களைவிட முன்னால் இருந்தது. ஆயாக்கொட்டகை தோட்டங்களில் உண்டு. வெட்டுக்குப் போகும் தாய்மார்கள் இருட்டோடு தூங்கும் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து அங்கே விடுவார்கள். வரிசையாகச் சேலைத் தொட்டில்கள். இரண்டு ஆயாமார். காலையில் பால், பத்து மணிக்குக் கஞ்சி. பக்கத்து நிரையில் வேலை இருந்தால் தாய் ஓடிவந்து பால் கொடுத்துவிட்டுப் போவார். தொழிலாளர் வீட்டு வசதிக்கான 1990ஆம் ஆண்டுச் சட்டத்திலும் தோட்டங்களில் குழந்தைக் காப்பகம் பற்றிய விதி இருக்கிறது. பள்ளிக்கும் அப்படித்தான். 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் விதித்தொகுப்பு, பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டம் பள்ளி வைக்க வேண்டும் என்றது. நெகிரி செம்பிலான் தமிழ்ப்பள்ளிகளில் பலவற்றின் பெயரில் இன்றைக்கும் தோட்டம் என்று பொருள்படும் ‘லாடாங்’ ஒட்டிக்கொண்டிருப்பது அதனால்தான். தோட்டக்காரர்கள் அன்பினால் இதைச் செய்தார்கள் என்று யாரும் ஏமாற வேண்டாம். தாய் வேலைக்கு வர வேண்டும், அடுத்த தலைமுறை ஆளும் தோட்டத்திலேயே வளர வேண்டும் என்ற கணக்கு அதில் இருந்தது. கணக்கு எதுவாக இருந்தாலும், பிள்ளைக்கு ஓர் இடம் இருந்தது.

தோட்டத்துப் பழைய தலைமுறையினர் எல்லாவற்றையும் வாய்பொத்தி ஏற்றுக்கொண்டார்கள் என்று நினைப்பவர்கள் 1941ஐ ஒருமுறை திரும்பிப் பார்க்க வேண்டும். பக்கத்து மாநிலமான சிலாங்கூரில், கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் ஆர்.எச். நாதனும் தோழர்களும் முன்னின்ற வேலைநிறுத்தம் அது. சம்பள உயர்வோடு அவர்கள் வைத்த கோரிக்கைகளைப் படித்தால் இன்றைக்கும் உடம்பு சிலிர்க்கும். பத்து, பன்னிரண்டு மணி நேர வேலை ஒழிய வேண்டும். உறவினரும் நண்பரும் தோட்டத்துக்குள் வந்து பார்க்கத் தடை கூடாது. பிள்ளைகளுக்குப் படிப்பு வேண்டும். முறையான வைத்தியம் வேண்டும். பெண்கள் மேல் கை வைப்பது நிற்க வேண்டும். கள்ளுக்கடையை மூட வேண்டும். துரை எதிரே வரும்போது சைக்கிளை விட்டு இறங்க வேண்டியதில்லை. இதில் எது வேலை, எது வாழ்க்கை? அவர்கள் இரண்டையும் பிரிக்கவில்லை. பட்டாளத்தை இறக்கி அந்த வேலைநிறுத்தத்தை அடக்கினார்கள். தொழிலாளர்கள் சுடப்பட்டு இறந்தார்கள். பணி–வாழ்க்கைச் சமநிலைக்கான முதல் விண்ணப்பத்தை நம் ஆட்கள் கொடுத்த விதம் இது.

போருக்குப் பின் நெகிரி செம்பிலானில் தொழிற்சங்க வாழ்க்கையைத் தொடங்கிய பி.பி. நாராயணன், சிதறிக் கிடந்த சங்கங்கள் இணைந்து 1954இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவானபோது அதன் பொதுச் செயலாளரானார். 1962இல் மகசாசே விருது பெற்றவர். சங்கத்தின் மேல் குறை சொல்பவர்கள் உண்டு. நாள் கூலியை மாதச் சம்பளமாக மாற்ற அது பட்ட பாடு மிக நீண்டது. இருந்தாலும் சங்கச் சந்தா அட்டையை அம்மா சாமிப் படத்துக்குப் பின்னால் பத்திரமாக வைத்திருப்பார். தனக்காகப் பேச யாரோ ஒருவர் இருக்கிறார் என்ற எண்ணத்துக்கு அந்த அட்டை சாட்சி.

எண்பதுகளில் எங்களை ஏற்றிக்கொண்டு போகத் தோட்டத்து முச்சந்திக்குத் தொழிற்சாலை பஸ் வந்தது. தோட்டத்துப் பெண்கள் பால் வாடை இல்லாத சட்டை போட்டது அப்போதுதான். குளிர்சாதன அறை, வெள்ளை அங்கி, மாதம் பிறந்தால் கையில் எண்ணிய காசு. தாய் தகப்பனுக்குத் தொலைக்காட்சிப் பெட்டி வாங்கிக் கொடுத்த பெருமையை எந்தக் கணக்கிலும் குறைத்து எழுதமாட்டேன். ஆனால் மரம் போய் ஷிப்ட் வந்தது. ஒரு வாரம் பகல், ஒரு வாரம் ராத்திரி. உருப்பெருக்கிக் கண்ணாடியில் குனிந்து மயிரிழைக் கம்பிகளைப் பார்த்துப் பார்த்து, பஸ்ஸில் திரும்பும்போது எதிரே வரும் விளக்குகள் இரண்டிரண்டாகத் தெரியும். கழிவறைக்குப் போக அட்டை வாங்க வேண்டும். ராத்திரி ஷிப்ட் முடிந்து காலையில் லயத்துக்கு வந்தால் அம்மா வெட்டுக்குப் போயிருப்பார். அவர் திரும்பும்போது நான் தூங்கிக்கொண்டிருப்பேன். ஒரே வீட்டில் இருந்தும் நாங்கள் உட்கார்ந்து பேசியது ஞாயிற்றுக்கிழமைகளில்தான்.

தோட்டத்தில் அம்மாவுக்கு இருந்த சங்க அட்டை எனக்கு இல்லை. மின்னணுத் தொழிலாளர்கள் சங்கம் வைக்க 1988 வரை அரசாங்கம் இடம் கொடுக்கவில்லை. அதன் பிறகும் ஒரு நிறுவனத்துக்குள் மட்டும் அடங்கிய சங்கத்துக்குத்தான் அனுமதி. வட்டாரச் சங்கங்கள் 2009இல்தான் வந்தன. குளிர்சாதனம் கிடைத்தது, குரல் கிடைக்கவில்லை.

மகப்பேற்று விடுப்பைப் பார்த்தால் மூன்று தலைமுறையின் கணக்கும் ஒரே வரியில் வந்துவிடும். அம்மாவுக்கு 60 நாள். எனக்கும் 60 நாள். என் மகளுக்கு 98 நாள். வேலைச் சட்டத் திருத்தம் 2023 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்தபோதுதான் அந்த எண் நகர்ந்தது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2000ஆம் ஆண்டு உடன்படிக்கையில் குறைந்த அளவாகச் சொன்ன 14 வாரம் அது. அதே திருத்தத்தில் வாரத்துக்கு 48 மணி என்றிருந்த வேலை நேரம் 45 ஆனது. தகப்பன்மாருக்கு 7 நாள் சம்பளத்தோடு விடுப்பு வந்தது. வேலை நேரம், வேலை நாள், வேலை இடம் ஆகியவற்றை மாற்றித் தரும்படி தொழிலாளி எழுத்தில் கேட்கலாம்; முதலாளி 60 நாளுக்குள் எழுத்தில் பதில் சொல்ல வேண்டும்; மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும் என்று 60பி, 60கியூ என இரண்டு பிரிவுகளும் சேர்ந்தன.

ஓய்வு பெறுவதற்குச் சற்று முன், புதிய கையேட்டைத் தொழிலாளர்களுக்குப் படித்து விளக்கும் வேலை எனக்கு வந்தது. சாப்பாட்டுக் கூடத்தில் நின்று மலாயிலும் தமிழிலும் சொன்னேன். 7 நாள் விடுப்பு என்றதும் இளம் பையன்கள் கை தட்டினார்கள். அவர்களில் ஒருவர் சில மாதம் கழித்துப் பிள்ளையோடு எடுத்த படத்தைக் கொண்டுவந்து காட்டி, “முதல் குளியலு நாந்தான் ஊத்துனேன் அக்கா” என்றார். என் அப்பா அப்படிச் சொல்லியிருக்க வழியே இல்லை. நாங்கள் பிறந்த நாள்களிலும் அவர் பெரட்டில் நின்றார். ஒரு சட்டம் மனுஷன் வாழ்க்கைக்குள் போய் உட்கார்வதை அந்தப் படத்தில் பார்த்தேன். கொள்கை எல்லாம் காகிதம் என்று சொல்பவர்களோடு அதனால் நான் சேரமாட்டேன்.

ஆனால் நேரத்தை மாற்றிக் கேட்கும் விண்ணப்பத் தாள் என் மேசையில் அப்படியே கிடந்தது. பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டு வர அரை மணி நேரம் தள்ளிக் கேட்க வேண்டும் என்று வந்த ஒரு தாய், தாளை வாங்கினார், படித்தார், மடித்துக் கைப்பையில் வைத்தார். “இதக் கொடுத்தா லைன்ல என்னைப் பத்தி என்ன நினைப்பாங்க அக்கா?” என்று கேட்டார். தாளைத் திருப்பிக் கொண்டுவரவில்லை. லயத்துக் கூரையை அண்ணாந்து பார்த்த அதே பயம், கூரை மாறியும் போகவில்லை.

ஆண்டுக்கொருமுறை மனநிறைவுக் கணக்கெடுப்பும் நடக்கும். ‘என் மேலதிகாரி என் குடும்ப நேரத்தை மதிக்கிறார்’ என்ற வாக்கியத்துக்கு ஒன்றிலிருந்து ஐந்துவரை மதிப்பெண் போட வேண்டும். எல்லாக் கேள்விக்கும் மூன்று போட்டுவிட்டு எழுந்து போவார்கள். மூன்று என்பது மனநிறைவும் இல்லை, குறையும் இல்லை. என்னை விட்டுவிடுங்கள் என்று அர்த்தம்.

ராபர்ட் காரசெக் என்ற ஆய்வாளர் 1979இல் எழுதிய கட்டுரை ஒன்று இந்தத் துறையில் பெயர் பெற்றது. வேலைச் சுமை அதிகமாக இருப்பதால் மட்டும் ஆள் ஒடிந்து போவதில்லை. சுமை அதிகமாகவும், அதைத் தன் விருப்பப்படி செய்யும் உரிமை குறைவாகவும் இருக்கும்போதுதான் ஒடிகிறான் என்பது அவர் அமெரிக்க, சுவீடன் தொழிலாளர்களின் தகவல்களிலிருந்து எடுத்த முடிவு. அம்மாவின் உளி பிடித்த கையை நினைத்துக்கொள்கிறேன். அந்த ஐநூறு மரத்துக்குள் அவர்தான் ராஜாத்தி. யாரும் பின்னால் நின்று ஒவ்வொரு வெட்டையும் எண்ணவில்லை. பெரட்டுக்களத்துக்குத் திரும்பினால் அவருக்கு எந்த உரிமையும் இல்லை. அவருடைய மனநிறைவும் மனக்குறையும் இந்த இரண்டு இடங்களுக்கும் நடுவில் இருந்தன.

மகளுக்கு வருகிறேன். அவளுடைய நிறுவனத்தில் கையேடு தடிமனானது. வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை, மனநல ஆலோசனைக்குத் தொலைபேசி எண், உடற்பயிற்சிக்குப் பணம், பிறந்த நாளுக்கு விடுப்பு. மற்ற மூன்று நாளும் சிரம்பானிலிருந்து கொம்யூட்டர் ரயில். பேத்தியை என்னிடம் விட்டுவிட்டு இருட்டோடு கிளம்புகிறாள். அவ்வளவு உயரமான கட்டடத்தில் உடற்பயிற்சிக் கூடத்துக்கு ஒரு மாடி இருக்கிறது. குழந்தைக் காப்பகத்துக்கு ஓர் அறை இல்லை. என் வீட்டு முன்கூடம்தான் அந்த நிறுவனத்துக்கு ஆயாக்கொட்டகை. பேத்தியைப் பார்த்துக்கொள்வது எனக்குச் சந்தோஷம். பாட்டி இல்லாத பிள்ளைகளை யார் பார்க்கிறார்கள் என்பதுதான் கேள்வி.

சாப்பாட்டு மேசையில் அவள் கைப்பேசி அதிரும். மணி ஒன்பது, பத்து. வேறு நாட்டில் அப்போது பகல்.

“நாளைக்குப் பதில் சொன்னா ஆகாதாம்மா?” என்று கேட்டேன்.

“யாரும் இப்பவே போடுன்னு சொல்லலம்மா. ஆனா மத்தவங்க எல்லாம் போட்டுட்டாங்க.”

“நேரத்த மாத்தி எழுதிக் கேளேன். சட்டம் இருக்கே.”

“கேட்டா கொடுப்பாங்கம்மா. அப்புறம் பதவி உயர்வுப் பட்டியல்ல என் பேர் இருக்காது.”

பெரட்டில் பேர் கூப்பிடும்போது இருக்க வேண்டும் என்பதற்காக அம்மா ஓடினார். பட்டியலில் பேர் இருக்க வேண்டும் என்பதற்காக மகள் ஒன்பது மணிக்குப் பதில் எழுதுகிறாள். ஆனால் அம்மாவின் பெரட்டு ஒரு நாளைக்கு ஒருமுறைதான். மத்தியானத்துக்கு மேல் யாரும் அவரைக் கூப்பிட முடியாது. வேலை முடிந்த பின் அழைப்பைக் கண்டுகொள்ளாமல் இருக்கும் உரிமையைப் பிரான்ஸ் 2017இலும் ஆஸ்திரேலியா 2024இலும் சட்டமாக்கின. நம் வேலைச் சட்டத்திலும் அது வர வேண்டும்.

வேலை நேரத்தைக் கூட்ட வேண்டும் என்ற குரல் ஓய்ந்தபாடில்லை. 2023இல் இந்தியத் தொழிலதிபர் நாராயண மூர்த்தி, இளைஞர்கள் வாரத்துக்கு 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்றார். அதே ஆண்டு ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம், தொழிற்சாலைகளில் நாளொன்றுக்கு 12 மணி நேர வேலைக்கு வழிசெய்யும் திருத்தத்தை நிறைவேற்றியது. சங்கங்கள் எழுந்தன, கூட்டணிக் கட்சிகளே எதிர்த்தன; மே தினத்தன்று முதலமைச்சர் ஸ்டாலின் அது திரும்பப் பெறப்பட்டதாக அறிவித்தார். அதற்குச் சரியாக நூறு ஆண்டுக்கு முன், 1923இல், இந்தியாவின் முதல் மே தினத்தைத் தொழிலாளர் தலைவர் சிங்காரவேலர் கொண்டாடியதும் அந்தச் சட்டமன்றம் இருக்கும் சென்னையில்தான். சேர்ந்து கேட்டால் சட்டமன்றம் நிறைவேற்றியதைக்கூடப் பின்வாங்க வைக்க முடியும் என்பதை அந்தச் சில நாள்கள் காட்டின.

அண்மையில் பழைய தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்குப் போயிருந்தேன். சுற்றிலும் செம்பனை. எங்கள் லயம் இன்னும் நிற்கிறது. அந்த வாசல்களில் இப்போது வங்காளதேசத்து, நேப்பாளத்து, இந்தோனேசிய இளைஞர்கள். கயிற்றில் ஆண்களின் சட்டைகள் மட்டும் காய்கின்றன. ஆயாக்கொட்டகை இருந்த இடத்தில் உர மூட்டைகள். பிள்ளைகளே இல்லாத இடத்துக்குக் காப்பகம் எதற்கு?

திண்ணையில் உட்கார்ந்திருந்த ஒரு வங்காளதேசத்துப் பையன் மலாயில் பேசினார். குலை வெட்டும் வேலை. நீண்ட கழியில் அரிவாளைக் கட்டி, கழுத்தை அண்ணாந்து உயரத்துக் குலையை அறுத்து இறக்க வேண்டும். பழம் 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போக வேண்டும் என்பதால் மழை நாளிலும் அவசரம்தான். கைப்பேசியில் ஒரு குழந்தையின் படத்தைக் காட்டினார். அவர் மகள். நேரில் இன்னும் பார்க்கவில்லை. சட்டப்படி அவருக்கும் வாரத்துக்கு 45 மணி நேரம்தான். தகப்பன்மாருக்கான 7 நாளும் உண்டு. ஆனால் தற்காலிக வேலை அனுமதியில் வந்தவர் குடும்பத்தை உடன் வைத்துக்கொள்ளக் கூடாது, இங்கே கல்யாணமும் செய்யக் கூடாது. 7 நாளில் கடலைத் தாண்டிப் போய்த் திரும்ப அவரிடம் காசு இல்லை. அனுமதிச் சீட்டு ஒரே முதலாளியோடு கட்டப்பட்டது; வேலை போனால் இந்த நாட்டில் இருக்கும் உரிமையும் போகும். அம்மாவுக்கு வீடு கட்டப்பட்டிருந்த அதே முடிச்சு இது.

எங்கள் லயத்தில் இவ்வளவு குறை இருந்தும் சாயங்காலத்தில் குடும்பம் இருந்தது. இந்தப் பையன்களுக்கு வேலை இருக்கிறது, சமப்படுத்துவதற்கு வாழ்க்கை எதிர்ப்பக்கத்தில் இல்லை. தோட்டத்தில் பிறந்த நமக்கு இதைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு போக உரிமை கிடையாது. 1941இல் நம் ஆட்கள் உறவினர் வந்து பார்க்க வேண்டும் என்று கேட்டார்கள். அதே கோரிக்கை இன்றைக்கு வேறு மொழி பேசுகிறவரின் வாயில் இருக்கிறது. கேட்பதற்குத்தான் அவருக்கு யாரும் இல்லை.

மூன்று தலைமுறையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில் நான் கண்ட முடிவு இது. வேலையில் மனம் நிறைய வேண்டுமென்றால் கைத்திறனுக்கு மதிப்பும், நேரத்தின் மேல் கொஞ்சமாவது சொந்த உரிமையும், பிள்ளைக்கு ஓர் இடமும், பயமில்லாமல் கேட்க ஒரு சங்கமும் வேண்டும். அம்மாவுக்கு முதலாவதும் மூன்றாவதும் இருந்தன, நான்காவது ஓரளவுக்கு இருந்தது. மகளுக்கு இரண்டாவது காகிதத்தில் இருக்கிறது. இந்த நாட்டில் சங்கத்தில் இருக்கும் தொழிலாளர்கள் நூற்றுக்குப் பத்துப் பேர்கூட இல்லை. காகிதத்தில் உள்ளதைத் தனியாகப் போய்க் கேட்க எல்லோருக்கும் துணிச்சல் வராது. நாலு பேராகச் சேர்ந்தால் வரும்.

அதனால் வேலைக்குப் போகிற தம்பி தங்கைகளுக்கு இதைத்தான் சொல்வேன். உங்கள் இடத்தில் சங்கம் இருந்தால் சேருங்கள். இல்லாவிட்டால், ஒரே தேவை இருக்கிற நாலு பேராகச் சேர்ந்து ஒரே நாளில் கேளுங்கள். மனிதவளப் பிரிவில் இருப்பவர்கள், தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போகும் தாயைக் கூப்பிட்டு உட்கார வைத்து எழுதிக் கொடுங்கள். மாடிக்கு மாடி வாடகைக்கு விடும் நிறுவனங்கள் குழந்தைகளுக்கு ஓர் அறையை ஒதுக்கட்டும். நேரத்தை மாற்ற வேண்டுமென்றால் வாயால் கேட்காதீர்கள். எழுத்தில் கொடுங்கள், தேதி போடுங்கள், பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். 60 நாளுக்குள் எழுத்தில் பதில் வந்தாக வேண்டும். இது சட்டம்.